குருதிக்கொடையும் எதிர்ப்பொருளின் சான்றும்

கொடைகள் பலவற்றுள்ளும் குருதிக்கொடை தனித்ததோர் இயல்புடையது. பொன்னும் பொருளும் ஈவோன் தன் இல்லத்தில் உள்ளதை ஈகின்றான். குருதி ஈவோனோ தன் உடலில் ஓடுவதையே எடுத்து ஈகின்றான். பொன்னைப் பெறுவோன் அதனை உரைத்துப் பார்த்து, மாற்றறிந்து ஏற்றுக்கொள்ளலாம். அறுவை மேசைமீது உணர்வின்றிக் கிடக்கும் நோயாளியும், மகப்பேற்றிற் குருதி இழந்து சோர்ந்த தாயும், தமக்கு ஏற்றப்படும் குருதி நல்லதோ தீயதோ என ஆராயும் நிலையில் இலர். ஆதலின் அவர்பொருட்டு அதனை உரைத்துப் பார்த்தல் பிறர் கடமையாகின்றது. அக்கடமையை ஆற்றும் வழிகளுள் ஒன்றாகிய எதிர்ப்பொருட் சோதனையைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கல்லூரி மாணவர் பலர் இரத்த தான முகாம்களில் மகிழ்ந்து முன்வருகின்றனர். அவருட் சிலர், “தடுப்பூசி இட்டுக்கொண்டது நோய் வாராமற் காப்பதற்கன்றோ? அதன் காரணமாக எம் குருதியை ஏன் மறுத்தனர்?” என்று வினவுகின்றனர். வேறு சிலர், “யாம் நலமாகவே உள்ளோம், சோதனை நோய் உண்டெனக் கூறியது யாங்ஙனம்?” என்று கலங்குகின்றனர். இவ்விருவர்க்கும் கூறத்தக்க விடை ஒன்றே. எதிர்ப்பொருள் என்பது நோயன்று. நோயைப் பற்றிய சான்று. வழக்குமன்றத்திற் சான்று கூறுவோனின் சொல்லைக் கேட்ட அளவில் நடுவர் தீர்ப்புக் கூறுவதில்லை. குறுக்கு விசாரணைக்குப் பின்னரே கூறுவர். குருதியின் சான்றும் அவ்வாறே விசாரிக்கப்படுதல் வேண்டும்.

எதிர்ப்பொருள் யாது?

நோய்க்கிருமி ஒன்று உடலினுட் புகுந்தவிடத்து, வெள்ளணுக்களுட் சில அதன் புறவடிவை அறிந்து, அவ்வடிவிற்கே பொருந்துவதொரு புரதத்தை ஆக்கிக் குருதியிற் கலக்கவிடுகின்றன. ஒரு பூட்டிற்கு அமைந்த திறவுகோல் பிறிதொரு பூட்டிற் புகாததுபோல, ஒரு கிருமிக்கு எழுந்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் பிறிதொரு கிருமியைப் பற்றாது. 1890-ஆம் ஆண்டில், பெர்லின் நகரில் எமில் பேரிங் என்பாரும் ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ என்பாரும் இதன் ஆற்றலை முதன்முதலாக விளக்கினர். இசிவு நோயின் நஞ்சிற்குக் காப்புப் பெற்ற விலங்கின் ஊநீரை எடுத்துப் பிறிதொரு விலங்கிற்குச் செலுத்தியபோது, அதுவும் அந்நஞ்சினின்று காக்கப்பட்டது. காவல் குருதியின் நீர்ப்பகுதியிலேயே உளது என்பது இதனாற் புலனாயிற்று. 1901-ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கென முதன்முதல் வழங்கப்பட்ட நோபெல் பரிசு பேரிங்கிற்கே உரியதாயிற்று.

எதிர்ப்பொருள் கிருமி புகுந்த அன்றே தோன்றுவதன்று. அது குருதியில் அளவறியத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஆகும். தோன்றியபின், கிருமி அழிந்தொழிந்த பின்னரும், திங்கள் பலவோ ஆண்டு பலவோ நிலைத்து நிற்கும். பிந்திப் பிறந்து நெடிது வாழ்தல் அதன் இயல்பு. இவ்விரண்டையும் நினைவிற் கொண்டால் மேல்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

சோதனை நிகழும் முறை

இச்சோதனைகளுட் பெரிதும் வழங்குவது எலைசா என்பது. அதனை 1971-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டிலே ஈவா எங்வால் அம்மையாரும் பீட்டர் பெர்ல்மன் என்பாரும் வெளியிட்டனர். அக்காலத்திலேயே ஆலந்து நாட்டு அறிஞரும் இத்தகைய முறையொன்றைத் தாமே கண்டனர்.

சிறு குழிகள் நிறைந்ததொரு தட்டின்கண், ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு வைரசின் புரதத்தைப் பூசி வைப்பர். கொடையாளரின் ஊநீரைக் குழியில் இடுவர். அவ்வைரசிற்குரிய எதிர்ப்பொருள் ஊநீரில் உளதாயின் அது புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பற்றாதவை கழுவி நீக்கப்படும். பின்னர், மனித எதிர்ப்பொருளைப் பற்றும் இயல்பினதும், ஒரு நொதியோடு பிணைக்கப்பட்டதுமான வேறோர் எதிர்ப்பொருளை இடுவர். இறுதியில் அந்நொதியால் நிறம் மாறும் நீர்மத்தைச் சேர்ப்பர். நிறம் தோன்றினால் எதிர்ப்பொருள் உண்டு, தோன்றாவிடில் இல்லை. வைரசையே தேட வேண்டின், எதிர்ப்பொருளைக் குழியிற் பூசி இம்முறையைத் தலைகீழாக நடத்துவர். கிருமியைத் தேடுதல் வேறு, கிருமிக்கு எழுந்த எதிர்ப்பொருளைத் தேடுதல் வேறு என்னும் இவ்வேறுபாட்டை மாணவர் நன்கு மனத்திற் பதித்தல் வேண்டும்.

முதல் வினா: வந்தது பகைவனோ, பகைவனின் உருவமோ?

தடுப்பூசியின் தத்துவம், பகைவனை உள்ளே விடாது அவன் உருவத்தை மட்டும் காட்டிக் காவலரைப் பழக்குவதாம். காவலர் பழகினமைக்கு அடையாளமாக எதிர்ப்பொருள் எழும். ஆகவே எதிர்ப்பொருளைக் கண்டவுடன், அது நோயால் எழுந்ததோ ஊசியால் எழுந்ததோ என்று கேட்டல் வேண்டும்.

பி வகைக் கல்லீரல் அழற்சி இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு. அந்நோயின் அடையாளத்தைக் கண்டவர் அமெரிக்க அறிஞர் பாரூக் பிளம்பெர்க். பன்முறை குருதி ஏற்றப்பெற்ற குருதியுறையா நோயாளி ஒருவரின் ஊநீரிலிருந்த எதிர்ப்பொருள், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் குருதியிலிருந்த ஏதோ ஒன்றைப் பற்றியதை அவர் கண்டார். 1965-ஆம் ஆண்டில் அதனை ‘ஆஸ்திரேலிய ஆன்டிஜன்’ எனப் பெயரிட்டு வெளியிட்டார். அது பி வகை வைரசின் மேலுறைப் புரதம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1976-ஆம் ஆண்டில் அவர் நோபெல் பரிசு பெற்றார். பிறர் குருதியைப் பலகால் ஏற்று வாழ்ந்த ஒருவரின் எதிர்ப்பொருளே, பிறர்க்குத் தூய குருதி கிடைக்க வழிகாட்டியது எண்ணி மகிழத்தக்கது.

இவ்வைரசிற்கு மேலுறைப் புரதம் ஒன்றும் உட்புறப் புரதம் ஒன்றும் உள. தடுப்பூசியில் இருப்பது மேலுறைப் புரதம் மட்டுமே. எனவே தடுப்பூசி பெற்றவர்பால் மேலுறைக்குரிய எதிர்ப்பொருள் மட்டும் எழும். நோயுற்றுத் தேறியவர்பால் இரண்டிற்கும் உரிய எதிர்ப்பொருள்கள் காணப்படும். இரண்டையும் சோதிப்பார்க்கு ஊசியின் சுவடு இது, நோயின் சுவடு இது என்பது புலனாகும்.

ஆயின் ஊசி இட்ட சின்னாட்களில் ஒரு சிக்கல் உண்டு. இரத்த வங்கிகள் பி வகை நோய்க்கெனத் தேடுவது பெரும்பாலும் மேலுறைப் புரதத்தையே. தடுப்பூசியில் உள்ளதும் அதுவே. ஆதலின் ஊசி இட்டுக்கொண்ட ஒருவர் உடனே குருதி ஈயின், ஊசியிற் சென்ற புரதமே சோதனையில் அகப்பட்டு, அவரை நோயாளி எனக் காட்டிவிடுதல் கூடும். சில கிழமைகளில் அது மறைந்துவிடும். காத்திருக்கச் சொல்வதன் காரணங்களுள் இஃது ஒன்று. மற்றொரு காரணமும் உண்டு. தட்டம்மை முதலியவற்றிற்கு இடும் ஊசிகளில் வலி குன்றிய உயிர் வைரசு உளது. நலமுடையார்க்கு அது தீங்கு செய்யாது. நோயெதிர்ப்பு ஆற்றல் இழந்த நோயாளிக்குக் குருதி வழியே சென்றால் தீங்காகலாம். இந்திய நாட்டிற்கென 2017-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட கொடையாளர் தேர்வு நெறிகள், உயிர் வைரசு ஊசிகளுக்கு 28 நாளும், உயிரற்ற ஊசிகள் பலவற்றிற்கு 14 நாளும் காத்திருக்குமாறு கூறுவதன் கருத்து இதுவே. எனவே முதல்வகை மாணவர் வருந்த வேண்டா. அவர் குருதி இழிந்ததென்று மறுக்கப்படவில்லை. சில நாள் பொறுக்குமாறே கேட்கப்பட்டது.

இரண்டாம் வினா: வந்தவன் இன்னும் உளனோ?

சி வகைக் கல்லீரல் அழற்சியின் வைரசு 1989-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. அதன் எதிர்ப்பொருளைக் காணும் சோதனை 1990-ஆம் ஆண்டில் இரத்த வங்கிகளிற் புகுந்தது. அதற்குமுன், குருதி ஏற்றப்பெற்றார் பலர் காரணம் அறியாத கல்லீரல் நோய்க்கு ஆளாயினர். அத்தீங்கு அச்சோதனையாற் பெரிதும் குறைந்தது. ஆயின் அவ்வைரசு புகுந்தாரில் நூற்றுக்கு 15 முதல் 45 பேர் வரை மருந்தின்றியே ஆறு திங்களுள் அதனை வென்று ஒழிக்கின்றனர். இக்காலத்து மருந்துகளால் ஏனையோரிற் பெரும்பாலாரும் குணமடைகின்றனர். குணமடைந்த பின்னும் எதிர்ப்பொருள் மறைவதில்லை. கள்வன் சென்ற பின்னும் காலடி நிற்பதுபோல அது நிற்கும். காலடியை நோக்கிக் கள்வன் உள்ளே உளன் என்று துணிதல் பிழை. இலன் என்று துணிதலும் பிழை. வைரசின் மரபுப்பொருளை நேரே தேடும் நியூக்ளிக் அமிலச் சோதனையே அதனைத் தெளிவிக்கும்.

பி வகையின் உட்புறப் புரத எதிர்ப்பொருளைப் பற்றியும் இத்தகைய வினா உண்டு. அஃது உள்ளார் சிலர்பால், மேலுறைப் புரதம் புலப்படாதபோதும் வைரசு சிறிதளவு மறைந்திருத்தல் கூடும். எனவே அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டு முதல் அவ்வெதிர்ப்பொருள் உள்ள குருதியை விலக்குகின்றனர். ஆனால் அந்நோய் மிகுதியாகப் பரவியுள்ள நாடுகளில் இவ்விதியைக் கொண்டால், முன்னொருகால் நோயுற்று முற்றும் தேறிய எண்ணிறந்தோரையும் விலக்க நேரும். குருதி போதாமையால் நோயாளிகள் இறப்பர். தூய்மை மட்டுமன்று, போதுமான அளவும் உயிர் காப்பதே. ஆதலின் ஒரு நாட்டிற்கு ஏற்ற விதி பிறிதொரு நாட்டிற்கு ஏற்றதாகாமை கூடும்.

மூன்றாம் வினா: சான்று பொய்யோ?

1991-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க இரத்த வங்கிகள் வியத்தகு நிகழ்ச்சியொன்றைக் கண்டன. வெவ்வேறாகிய எச்.ஐ.வி., எச்.டி.எல்.வி., சி வகை அழற்சி ஆகிய மூன்றனுள் இரண்டோ மூன்றோ ஒரே கொடையாளர்பால் உண்டெனச் சோதனைகள் காட்டத் தொடங்கின. உறுதிச் சோதனைகள் அதனை மெய்ப்பிக்கவில்லை. ஆராய்ந்தபோது, அவருட் பலர் அண்மையில் இன்ஃபுளுயென்சா தடுப்பூசி இட்டுக்கொண்டவர் என்பது தெரியவந்தது. நோயோ ஊசியோ உடலின் காவலைத் தூண்டிய சின்னாட்களில், குருதியில் மிகுந்தெழும் எதிர்ப்பொருள்களுட் சில, தமக்கு உரியதல்லாத புரதத்தையும் தளர்வாகப் பற்றிச் சோதனையை ஏமாற்றுதல் உண்டு.

இஃதன்றி, எண்ணின் இயல்பாலும் பொய்ச்சான்று நிகழும். ஒரு கணக்கை நோக்குவோம். கொடையாளர் 1,00,000 பேர். அவருள் உண்மையில் தொற்றுடையார் 100 பேர் எனக் கொள்வோம். சோதனை தொற்றுடையார் எவரையும் தப்பவிடாது. தொற்றிலார் நூற்றுவரில் 99.5 விழுக்காட்டினரைச் சரியாகவே காட்டும் என்றும் கொள்வோம். இது மிகச் சிறந்த சோதனையே. ஆயினும் தொற்றில்லாத 99,900 பேரில் 0.5 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 500 பேர், தொற்றுடையாராகக் காட்டப்படுவர். எனவே ‘தொற்றுண்டு’ எனக் காட்டப்பட்ட 600 பேரில் ஐந்நூற்றுவர் நலமுடையாரே! இரத்த வங்கி அவ்வறுநூற்றுவர் குருதியையும் ஒதுக்கிவிடும்; ஐயம் இருக்கும்போது நோயாளியின் பக்கமே சாய்தல் அதற்கு அறம். ஆயின் அவ்வறுநூற்றுவரை நோயாளர் என்று அழைத்தல் அறமன்று. குருதியை விலக்கும் அளவுகோல் வேறு. மனிதரைப் பற்றித் தீர்ப்புக் கூறும் அளவுகோல் வேறு. பின்னதற்கு உறுதிச் சோதனையும், மருத்துவரின் அறிவுரையும், மறைபொருள் காத்தலும் வேண்டும். கலங்கிய இரண்டாம்வகை மாணவர்க்கு நாம் கூறும் விடை இது.

நான்காம் வினா: சான்று இன்னும் பிறக்கவில்லையோ?

இதுவே எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது. எச்.ஐ.வி. எதிர்ப்பொருட் சோதனை அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒப்புதல் பெற்றது. அடுத்த ஆண்டாகிய 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அம்மையாரும் அவர்தம் மாணவி நிர்மலா அம்மையாரும் திரட்டிய ஊநீர் மாதிரிகள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் சோதிக்கப்பட்டன. இந்நாட்டில் அத்தொற்று உண்டென்பது அப்போதுதான் முதன்முதலாக வெளிப்பட்டது. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் இரண்டின் உழைப்பால், ஒரு மாணவியின் ஆய்வினின்று, இவ்வுண்மை வெளிவந்தது என்பதை நம் மாணவர் மறத்தலாகாது.

எதிர்ப்பொருள் பிந்திப் பிறப்பது என மேலே கூறினோம். எச்.ஐ.வி. புகுந்தபின் எதிர்ப்பொருள் புலப்பட ஏறத்தாழ 22 நாள் ஆகும். வைரசின் புரதத்தைத் தேடின் ஏறத்தாழ 16 நாளிலும், மரபுப்பொருளைத் தேடின் ஏறத்தாழ 11 நாளிலும் அறியலாம். இவ்விடைக்காலத்தில் குருதியில் வைரசு உண்டு, சான்று இல்லை. சோதனை ‘தூயது’ என்று கூறும்; குருதியோ தூயதன்று. கருவிகள் சிறக்கச் சிறக்க இவ்விடைவெளி குறுகுகின்றதேயன்றி முற்றும் மறைந்திலது. நியூக்ளிக் அமிலச் சோதனை செலவு மிக்கதாதலின் எல்லா இரத்த வங்கிகளும் அதனை மேற்கொள்ள இயலவில்லை.

அவ்வெளியை நிரப்புவது யாது? கொடையாளரின் வாய்மையே. குருதி எடுக்குமுன் அவர்க்கு ஒரு வினாத்தாள் தருவர். அண்மையிற் காய்ச்சல் உண்டாயிற்றா, ஊசி இட்டுக்கொண்டனரா, பச்சை குத்திக்கொண்டனரா, தொற்றுக்கு இடமான வாழ்க்கை நிகழ்ச்சி உண்டா என்று கேட்பர். எந்தக் கருவியும் காணாததை அத்தாளில் எழுதும் ஓர் உண்மைச் சொல் காட்டிவிடும். பணத்திற்காகக் குருதி விற்பார் உண்மையை மறைக்க ஏதுவுண்டு. கூறினால் அவர் கூலி போய்விடும். 1996-ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் குருதி விற்பனையை ஒழிக்குமாறு ஆணையிட்டதும், 1998-ஆம் ஆண்டு சனவரி முதல் அது நடைமுறைக்கு வந்ததும் இக்காரணம் பற்றியே. கைம்மாறு வேண்டாத கொடையே காவலுடைய கொடையாகும்.

நாட்டின் நலம் அறிய

எதிர்ப்பொருட் சோதனை நோயாளியைக் காப்பதற்கு மட்டுமன்றி, நாட்டில் நோய் எவ்வளவு பரவிற்று என்று அறிதற்கும் பயன்பட்டது. கொரோனா வைரசு குருதியேற்றத்தாற் பரவியதாக அறியப்படவில்லை. ஆயினும் அமெரிக்காவில் 2020 சூலை முதல் 2021 மே வரை ஈயப்பட்ட பதினான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட குருதி மாதிரிகளில் அதன் எதிர்ப்பொருளைத் தேடினர். தொடக்கத்தில் நூற்றுக்கு 3.5 பேரிடமே அது காணப்பட்டது. முடிவில், நோயாலோ ஊசியாலோ எழுந்த எதிர்ப்பொருள் நூற்றுக்கு 83.3 பேரிடமும், நோயால் எழுந்தது 20.2 பேரிடமும் உண்டெனக் கணக்கிட்டனர். இரண்டையும் பிரித்தறிந்தது யாங்ஙனம்? அந்நாட்டுத் தடுப்பூசிகள் வைரசின் முட்புரதத்தை மட்டுமே காட்டின. உட்புறத்து நியூக்ளியோகேப்சிட் புரதத்திற்கு எழும் எதிர்ப்பொருள் நோயுற்றார்க்கே உரியதாயிற்று. ஆனால் இந்நாட்டில் இட்ட கோவேக்சின், கொல்லப்பட்ட முழு வைரசினால் ஆயது. அதனைப் பெற்றார்பால் நோயின்றியும் இரண்டு எதிர்ப்பொருளும் எழலாம். எந்த ஊசி என்று அறியாது சான்றின் பொருளை அறிதல் இயலாது என்பது இதனால் விளங்கும்.

தேறியவரின் எதிர்ப்பொருளையே மருந்தாகக் கொடுக்கலாமோ என்றும் முயன்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ஆம் ஆண்டில் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்தது. தேறியவரின் பிளாஸ்மாவைப் பெற்றமையால் நோய் முற்றுதலோ இறப்போ குறையவில்லை என்று அவ்வாய்வு காட்டியது. 2021 மே திங்களில் அச்சிகிச்சை இந்நாட்டு மருத்துவ நெறிகளினின்று நீக்கப்பட்டது. விரும்புவது வேறு, அளந்தறிவது வேறு என்னும் பாடத்தை அது நமக்குக் கற்பித்தது.

மாணவர்க்குச் சில சொற்கள்

மேற்கூறியவற்றால் பெறப்படும் கடமைகள் மூன்று. முதலாவது, தம் உடல்நிலையைச் சோதித்து அறியும் பொருட்டு எவரும் குருதி ஈதலாகாது. ஐயமுடையார் அதற்கென உள்ள சோதனை நிலையத்தை நாடுக. நான்காம் வினாவிற் கூறிய இடைவெளியில் அவர் ஈயும் குருதி பிறர் உயிருக்கு உலை வைக்கும். இரண்டாவது, வினாத்தாளில் உள்ளது உள்ளவாறே எழுதுக. நண்பர் சூழ்ந்து நிற்கின்றனரே என்று நாணி ஒன்றையும் மறைத்தலாகாது. மறைப்பதினும், அன்று ஈயாது திரும்புதல் சிறந்த கொடையாகும். மூன்றாவது, உடன் பயில்வார் ஒருவர் குருதி மறுக்கப்பட்டார் என்று கேட்பின், அதனை அவர்மேல் இகழ்ச்சியாக ஏற்றற்க. மறுக்கப்பட்டது ஒரு குப்பிக் குருதியே, அவர் பண்பன்று. அவர் ஊசி இட்டுக்கொண்டவராகலாம். முன்னொரு நோயை வென்றவராகலாம். கணக்கின்படி பொய்ச்சான்றுக்கு ஆளான ஐந்நூற்றுவருள் ஒருவராகவும் ஆகலாம்.

சோதனைக் குழியிலே தோன்றும் நிறம் பேசாது. அதனைப் பேசுவிப்பது அறிவு. அவ்வறிவும் எட்டாத சில நாட்களைக் காப்பது கொடையாளரின் நேர்மை. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவிடத்து, முகம் அறியாத ஒருவர் முகம் அறியாத பிறிதொருவரை நம்பித் தம் குருதியில் அவர் குருதியை அச்சமின்றி ஏற்கின்றார். அந்நம்பிக்கைக்கு உரியராக நடத்தல் கல்வி கற்றார் கடன்.